கூறைச் சேலைக்குள் ஒரு வேட்டைத் துவக்கு

இஞ்சேருங்கோ,

முதலில் பிள்ளைகளின் புதினம். அதைச் சொல்லாமல் நான் வேறு எதைத் தொடங்கினாலும் உங்கள் காதில் ஏறாது.

மூத்தவள் றீற்றாவின் மகன் ரொஷான் இந்த முறை இத்தாலிய மொழிப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவது. இத்தாலியப் பிள்ளைகள் அத்தனை பேரும் அவனுக்குப் பின்னால். வீட்டில் யார் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று ரீச்சர் கேட்டதற்கு "அம்மம்மா" என்றிருக்கிறான், கள்ளன். எனக்குத் தெரிந்த இத்தாலியன் தரை துடைக்கவும் உடுப்பு மினுக்கவும் காணும், அவ்வளவுதான். ஆனாலும் நான் மறுத்துச் சொல்லவில்லை. அவன் தங்கை நிலானிக்குக் கோயிலில் முதல் நன்மை கொடுத்தாயிற்று. மன்றாட்டு வாசிக்கச் சுவாமியார் அவளைத்தான் தெரிந்தெடுத்தார். ஒலிவாங்கிக்கு எட்டாமல் முக்காலி போட்டு ஏற்றிவிட்டார்கள். ஒரு சொல் தடக்கவில்லை. கனடாவில் சின்னவனின் மகள் ஒன்றையும் பிடிக்காமல் எழுந்து நிற்கிறாளாம். கடைக்குட்டி ஜெசிந்தாவின் சங்கதி பெரிது, அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பொறுமையாக இருங்கள். இப்போதாவது.

இனி என் வயிற்றெரிச்சல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆண்டு நினைவுப் பூசை. பீடத்துக்குப் பக்கத்தில் வைக்க உங்கள் படம் ஒன்று வேண்டும் என்று சுவாமியார் கேட்டார். நேற்றுப் பெட்டியைத் திறந்து என் கூறைச் சேலையை எடுத்தேன். அதன் மடிப்புக்குள்தான் உங்கள் படத்தை வைத்திருந்தேன். சேலையை விரித்தவுடன் அந்த மணம் வந்தது. துவக்குக்குப் பூசும் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்த மணம். இத்தனை வருடமாகியும் போகவில்லை. கடும் சிவப்பும் தங்கச் சரிகையுமாக நான் கலியாணத்துக்கு உடுத்த சேலை, முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. அதற்குள் இருந்து சிரித்துக்கொண்டு நீங்கள். தோளில் துவக்கு.

வேறு படம் இல்லையா என்று றீற்றா கேட்டாள். எங்கே இருக்கிறது? கலியாணப் படம் மன்னாரில் வீட்டோடு போயிற்று. பாஸ்போட் படத்தில் உங்களைப் பார்த்தால் நானே கதவைத் திறக்க மாட்டேன். கோயில் திருநாள், பிறந்த நாள் படங்களில் ஒன்றில் கண் மூடியிருக்கிறீர்கள், மற்றவற்றில் யாருக்காவது பின்னால் பாதித் தலை. "வாங்கோ, வந்து முன்னுக்கு நில்லுங்கோ" என்று ஆயுள் முழுக்கக் கத்தினேன். ஒரு நாள் கேட்டிருந்தால் இன்றைக்கு நான் ஏன் இப்படி அலைகிறேன்?

பலெர்மோவின் கபோ சந்தைக்குப் பக்கத்தில் உள்ள படக்கடைக்குக் கொண்டு போனேன். துவக்கை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் பெரிதாக்கச் சொன்னேன். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படத்தைப் பார்த்தான். "சிஞ்ஞோரா, துவக்கை வெட்டினால் கன்னமும் போய்விடும்" என்றான்.

உண்மைதான். துவக்கின் கட்டையில் கன்னத்தை அப்படி அழுத்தி வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். என் தோளில்கூட நீங்கள் அப்படிச் சாய்ந்து நான் பார்த்ததில்லை.

எல்லாம் அந்த அவொக்காத்தோவால் வந்தது. அவர் வழக்கறிஞர், ஓய்வு பெற்றவர், லிபெர்த்தா தெருவில் பெரிய வீடு. நீங்கள் அவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனீர்கள். நான் அதே வீட்டில் அவர் மனைவி சிஞ்ஞோராவுக்கு உடுப்பு மினுக்கப் போனேன். நல்ல மனிதர்கள். அந்த வீட்டில் வேட்டைப் பேச்சு ஒன்று இல்லாதிருந்தால் நானும் நல்ல மனுசியாகவே இருந்திருப்பேன். அவருக்கு ஒவ்வொரு இலையுதிர் காலமும் மதோனியே மலைக்குப் போய்க் காட்டுப்பன்றி சுட வேண்டும். தோளில் சத்திரசிகிச்சை செய்த பிறகு, பழைய இரட்டைக் குழல் துவக்கை இனித் தொடக்கூடாது, அது தோளில் உதைக்கிற உதைக்கு எலும்பு திரும்பவும் விலகும் என்று டொக்டர் சொன்னார். சிஞ்ஞோரா மெழுகுதிரி கொளுத்தி நன்றி சொன்னா. நானும் அவவோடு சேர்ந்து சந்தோசப்பட்டேன்.

நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். கோப்பி ஊற்றிக் கொடுக்கப் போன மனிதன் ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். "அவொக்காத்தோ, நானும் பண்டி அடிச்சவன்" என்று எதற்காகச் சொன்னீர்கள்? மடுக் காட்டில் உங்கள் பெரியப்பாவின் துவக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்ததுதானே உங்கள் வேட்டை. அன்றைக்குத் தொடங்கியது. அவருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு இத்தாலியன் அரைகுறை. ஆனால் பன்றி எப்படிப் பாயும், எந்தப் பக்கம் திரும்பும் என்று இரண்டு பேரும் வரவேற்பறைக் கம்பளத்தில் தவழ்ந்து காட்டிக்கொண்டு இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். கையில் மினுக்கிய சேட்டுகளோடு வாசலில் நின்றேன். சிஞ்ஞோரா எனக்குப் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தா.

"உன் வீட்டிலும் இப்படித்தானா?" என்று கேட்டா.

"வீட்டில் கம்பளம் இல்லை சிஞ்ஞோரா" என்றேன்.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. செமி ஓட்டோமற்றிக் வாங்குவது. ஒரு முறை விசையை இழுத்தால் ஒரு வெடி, அடுத்த ரவை தானாக ஏறிவிடும். வெடிக்கிற வேகத்தில் ஒரு பங்கை அந்த இயந்திரமே தனக்கு எடுத்துக்கொள்ளுமாம், அதனால் தோளுக்கு உதை குறைவாம். டொக்டர் பழைய துவக்கைத்தானே வேண்டாம் என்றார், புதியதை ஒன்றும் சொல்லவில்லையே என்று வாதாடினார். வழக்கறிஞர் அல்லவா.

அந்த நாட்களில் எங்கள் நிலை என்ன என்று உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டுமா? ஜெசிந்தா கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் என் தங்கையோடு இருந்தாள். அவளைக் கூப்பிடும் கடதாசி குவெஸ்தூராவில் கிடந்தது. பொலிஸ் கந்தோர்தானே அது, நாங்கள் இங்கே தங்கும் அனுமதி, அந்தப் பெர்மெஸ்ஸோவும் அவர்கள் கையில்தான். பிள்ளைக்குப் பதினெட்டு முடிவதற்குள் அந்தக் கடதாசி வெளியே வர வேண்டும். பதினெட்டு முடிந்தால் வளர்ந்தவள், தாய் தகப்பனோடு சேர அவளுக்கு வழியில்லை. நாங்கள் தெருவில் எச்சில் துப்பவும் பயந்து நடந்த காலம். அந்தக் காலத்தில்தான், சண்டை நடக்கிற நாட்டிலிருந்து வந்த தமிழன் ஒருவன், பலெர்மோ நடு ரோட்டில் இருக்கும் துவக்குக் கடைக்குள் வாராவாரம் போய் வந்தான்.

பூசை முடிந்து வாசலில் நிற்க, பிரான்காச்சோவில் இருக்கிற பிலோமினா வந்து என் காதுக்குள் கேட்டாள்.

"அக்கா, உங்கட அவர் துவக்குக் கடைக்குள்ள நிண்டவராமே? என்ன, இயக்கத்துக்கு வாங்கி அனுப்புறாரோ?"

"அந்த மனுசனுக்கு மீன் வாங்கி அனுப்பினாலே அழுகினதைத்தான் வாங்கிக்கொண்டு வருவார். ஆர் அவரை நம்பித் துவக்கு வாங்க விடுறது?" என்று சிரித்து மழுப்பினேன். பிலோமினாவின் வாய்க்கு வந்தது குவெஸ்தூராவின் காதுக்குப் போக எவ்வளவு நேரமாகும்?

வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தேன். "நான் வாங்கேல்லையப்பா, தெரிவு செய்ய உதவி செய்யிறன்" என்றீர்கள். "தெரிவு" என்ற சொல்லை, ஏதோ பாப்பரசரைத் தெரிவு செய்யப் போகிறவர் மாதிரிச் சொன்னீர்கள்.

அடுத்த முறை சிஞ்ஞோரா என்னையும் கூட அனுப்பினா. "நீ போ. இவர்கள் இரண்டு பேரும் பீரங்கியோடு திரும்பி வராமல் பார்த்துக்கொள்" என்றா. அந்தக் கடைக்குள் நான் போனது அந்த ஒரு நாள்தான். சுவரில் ஒரு காட்டுப்பன்றியின் தலை கண்ணாடிக் கண்ணோடு என்னையே பார்த்தது. தோலும் எண்ணெயும் கலந்த மணம். கடைக்காரன் பச்சைத் துணி விரித்த மேசையில் துவக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான், நகைக் கடையில் வைப்பது போல. எனக்கு ஒரு கதிரை போட்டான். நான் கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு, தெருவில் யாராவது எங்கள் ஆட்கள் போகிறார்களா என்று கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் பெரியதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பெரிய ரவை, தடித்த குழல். "சின்ன ரவையெண்டால் பண்டி அதையும் கொண்டு ஓடிப்போடும்" என்று அடம். கடைக்காரன் தன் தோளைத் தட்டிக் காட்டினான். வெட்டித் தைத்த தோளுக்கு அது ஆகாது, நடுத்தர ரவையே மதோனியேப் பன்றிக்குக் காணும் என்றான். நீங்கள் முகத்தைத் தொங்கப் போட்டீர்கள். பிறகு வேறு ஒரு நியாயத்தைப் பிடித்தீர்கள். "ஒரு வெடியில விழுத்த ஏலாதவன் காட்டுக்குப் போகக்கூடாது. இரண்டாவது வெடி ஆசைக்கு. எதுக்கு இந்த ஓட்டோமற்றிக்?" இதை நீங்கள் இத்தாலியனில் சொல்லி முடிக்க இரண்டு கையும் போதவில்லை.

அவொக்காத்தோ கோபப்படவில்லை. தன் வலது கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கின. "என்னுடைய முதல் வெடி இப்போது எங்கே படும் என்று எனக்கே தெரியாது. காலில் பட்டால்? அது பற்றைக்குள் போய் இரண்டு நாள் கிடந்து சாக வேண்டுமா? இரண்டாவது வெடி அதற்காகத்தான்" என்றார். நீங்கள் வாயை மூடினீர்கள். உங்களை வாய் மூட வைத்த மனிதர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் அவரில் எனக்கு மரியாதை.

பிறகு கடைக்காரன் உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தான். கறுப்பு. மரமே இல்லை. இராணுவத்தார் வைத்திருப்பதன் தம்பி இது, உள்ளே இருக்கிற இயந்திரம் எல்லாம் ஒரே வேலைதான், விலையும் குறைவு, மழையில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது என்று புகழ்ந்தான். உங்களிடம்தான் முதலில் நீட்டினான். நீங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள்.

"பிடித்துப் பாருங்கள், கடிக்காது" என்று சிரித்தான்.

"இது ஆக்களைச் சுட" என்றீர்கள் உங்கள் உடைந்த இத்தாலியனில். "பண்டிக்கு இல்லை."

"இரண்டும் ஒரே மாதிரித்தான் வெடிக்கும்."

"எனக்கு அதைத் தெரியும். முன் பக்கத்தால தெரியும்."

கடைக்காரனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மன்னாருக்குள் நுழையும் தள்ளாடி இராணுவச் சாவடியில் பஸ்ஸால் இறக்கி, கையைத் தூக்கச் சொல்லி, உங்கள் நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தது அப்படியான ஒன்று. நானும் பக்கத்து வரிசையில் ஜெசிந்தாவைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அவொக்காத்தோ உங்கள் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார். "அதை உள்ளே கொண்டுபோ" என்று கடைக்காரனுக்குச் சொன்னார். நீங்கள் அந்தக் கடையில் பேசிய பேச்சுகளுக்குள் அது ஒன்றுதான் எனக்கு எரிச்சல் தராதது.

கடைசியில் வாதுமை மரக் கட்டை வைத்த நடுத்தரமான ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைக்க வேண்டும், பிறகு கண்ணைத் திறக்க வேண்டும், திறந்தவுடன் குறி நேராக நின்றால் அந்தத் துவக்கு அவருக்கு அளவானது என்று கடைக்காரன் காட்டினான். அவர் வைத்தார், அளவாக இருந்தது. அத்தோடு வந்திருக்கலாம். நீங்களும் வைத்துப் பார்க்க வேண்டும் என்றீர்கள். உங்களுக்கும் அளவாக இருந்ததாம், உலகத்தை வென்ற சிரிப்பு ஒன்று. வாடிக்கையாளரைப் படம் எடுத்துச் சுவரில் ஒட்டுகிறவன் அந்தக் கடைக்காரன். டிக் என்று எடுத்துவிட்டான். பிறகு ஒரு பிரதி உங்களுக்கும் கொடுத்தான். அதுதான் இந்தப் படம்.

இதோடு முடிந்திருந்தால் நான் உங்களை மன்னித்திருப்பேன்.

எங்கள் ஊர் வழக்கம் எனக்குத் தெரியாதா? புது வண்டி, புது வலை, புதுத் தையல் மிசின், எது வந்தாலும் முதலில் மாதாவின் காலடி. தீர்த்தம் தெளித்த பிறகுதான் கை வைப்பது. உங்கள் பெரியப்பா வேட்டைக்குப் போகுமுன் துவக்கைக் கோயில் வாசலில் சாத்தி வைத்துவிட்டுத்தான் போவார் என்று நீங்கள் அவொக்காத்தோவுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அவருக்கு அது பிடித்துவிட்டது. கோயில் சனத்துக்குள் இடிபட அவருடைய தோளுக்கு ஏலாது. "நீயே கொண்டுபோய் வா" என்று எடுத்துக் கொடுத்துவிட்டார். சட்டம் படித்த மனிதன்! அவருடைய பெயரில் உள்ள துவக்கை இன்னொருவன் கையில், அதுவும் எங்களைப் போன்றவன் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? அன்றைக்கென்று சிஞ்ஞோரா தங்கை வீட்டுக்குப் போயிருந்தா. அவ இருந்திருந்தால் இரண்டு பேரையும் குளியலறையில் போட்டுப் பூட்டியிருப்பா.

நானும் றீற்றாவும் அந்த ஞாயிறு காலை வெறுங்காலோடு மொன்தே பெல்லெக்ரீனோ மலை ஏறினோம். எங்கள் ஆட்கள், வேதக்காரர் சைவக்காரர் என்றில்லாமல், எல்லாரும் பலெர்மோவின் காவல் புனிதை றொசாலியா அம்மாவிடம் ஏறுகிற பாதைதான். ஜெசிந்தாவின் கடதாசிக்காக நேர்த்தி வைத்திருந்தேன். கல்லுக் குத்தி முழங்கால் வீங்கி மேலே போய்ச் சேர்ந்தேன். குகைக் கோயிலுக்குள் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த இருட்டில் சனத்துக்கு நடுவே நீங்கள் நின்றீர்கள், பின்னால் பஸ்ஸில் வருகிறேன் என்றவர். கையில் நீளமாக ஏதோ, என் கூறைச் சேலையில் சுற்றியபடி.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மடுவுக்கு ஆளளவு மெழுகுதிரி கொண்டு போவார்களே, அதுபோல ஜெசிந்தாவின் உயரத்துக்கு மெழுகுதிரி செய்வித்து, நல்ல சேலையில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த மனிதனை எவ்வளவு ஏசியிருக்கிறேன், பிள்ளை மேல் உள்ள பாசத்தை வெளியில் காட்டாமல் வைத்திருக்கிறாரே என்று என்னையே நொந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற பிலோமினா, "குடுத்து வைச்சனீங்கள் அக்கா" என்றாள். கொளுத்துமுன் வீட்டார் எல்லாரும் மெழுகுதிரியைத் தொட்டுக் கும்பிட வேண்டுமே என்று கிட்ட வந்து கையை வைத்தேன்.

இரும்பு. குளிர்ந்த இரும்பு.

"இது என்ன?"

"மெல்லக் கதையும். அவொக்காத்தோவின்ர துவக்கு."

"ஐயோ, என்ர கூறைக்குள்ளையோ!"

"புதுச் சாமானைப் பழந்துணியில சுத்தியே கொண்டு வாறது? மந்திரிக்காமல் காட்டுக்குக் கொண்டு போறதோ?"

"மடுவில மந்திரிப்பினம். இஞ்சை குவெஸ்தூராவில வைச்சு மந்திரிப்பினம்! பிள்ளையின்ர கடதாசி அங்கை கிடக்குது, விளங்குதோ?"

"கத்தாதையுமப்பா. எல்லாரும் மெழுகுதிரி எண்டுதான் நினைக்கினம்."

"நானும்தானே நினைச்சன்!"

றீற்றா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க எனக்கு நேரமில்லை. நீங்கள் ஏற்கெனவே ரவை ஏறும் வாயைத் திறந்து, குகைத் தண்ணீரை உள்ளுக்கும் சொட்ட விட்டிருந்தீர்கள். ஆசீர்வாதம் உள்ளே போக வேண்டுமாம். பிறகு துருப் பிடிக்குமே என்று, என் கைப்பையில் விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலை வாங்கி, உள்ளும் புறமும் தாராளமாக ஊற்றிச் சேலையாலேயே துடைத்தீர்கள். பெரியப்பா அப்படித்தான் செய்வாராம். அப்போது நான் சேலையைப் பார்த்தேனே தவிர எண்ணெயைப் பற்றி யோசிக்கவில்லை.

இறங்கும் பஸ்ஸில் அதை உங்கள் முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வைத்திருந்தீர்கள். முன் இருக்கையில் இருந்த ஒரு கிழவி திரும்பி, சேலையைத் தொட்டு, விரலை முத்தமிட்டா. நீங்கள் தலை குனிந்து ஏற்றுக்கொண்டீர்கள். உங்களைக் கிள்ள வேண்டும் போல இருந்தது.

ஆனால் என் உயிர் போனது அங்கே இல்லை. அவொக்காத்தோவின் தெரு மூலையில் ஒரு நீதிபதியின் வீடு, மாஃபியாப் பயத்தால் வாசலில் எந்நேரமும் இராணுவக் காவல். அதைத் தாண்டாமல் அவர் வீட்டுக்கு வழியில்லை. அன்றைக்கு நின்றது நாள்தோறும் எனக்கு வணக்கம் சொல்லும் வடக்கு இத்தாலிப் பொடியன். முகம் பால் மாதிரி. தோளில் அந்தக் கறுப்புத்தான் தொங்கியது, கடைக்காரன் நீட்டிய சாமானின் அண்ணன். நீங்கள் அதைப் பார்த்தவுடன் நடையை நிறுத்தினீர்கள். தள்ளாடியில் நின்ற மாதிரியே நின்றுவிட்டீர்கள்.

"என்ன சிஞ்ஞோரா, இவ்வளவு நீளமாக?" என்று பொடியன் கேட்டான்.

"மெழுகுதிரி" என்றேன். "றொசாலியா அம்மாவிடமிருந்து."

"யாருக்காக?"

"மகளுக்கு. தூரத்தில் இருக்கிறாள். பதினெட்டு முடியுமுன் என்னிடம் வந்து சேர வேண்டும்."

அதைச் சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது. அது நடிப்பில்லை. துவக்குக்காக வந்த அழுகையும் இல்லை. அவன் சேலையைப் பார்த்தான், உங்களைப் பார்த்தான், தொப்பியைச் சரி செய்தான்.

"பெரிய மெழுகுதிரி. வந்துவிடுவாள்" என்று சொல்லி வழி விட்டான்.

படியேறி உள்ளே போனதும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை என்ன? "நல்லாத்தான் சமாளிச்சீர்." அவ்வளவுதான். அன்றைக்குத் தொடங்கி உங்களோடு நான் பேசவில்லை. சோற்றைப் போட்டுக் கோப்பையைத் தட்டிக் கூப்பிட்டேன். அதுவும் உங்களுக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

பேச வைத்தது மலைதான். இலையுதிர் காலத்தில் அவரோடு நீங்களும் மதோனியே போனீர்கள். இரண்டு நாளில் திரும்பி வந்து கதவடியில் நின்று சிரிக்கத் தொடங்கியவர், கதிரையில் இருந்து சொல்லி முடிக்கும் வரை நிறுத்தவில்லை. விடியக் குளிரில் பன்றி ஒன்று நேரே வந்து நின்றதாம், கிழட்டுத் தடியன். அவொக்காத்தோ வைத்தார் முதல் வெடி, மரத்தில் பட்டது. அந்த இரண்டாவது வெடிக்காகத்தானே இவ்வளவு பாடும்! இழுத்தார். ஒன்றுமில்லை. திரும்ப இழுத்தார். ரவை ஏறவில்லை. பன்றி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் நடந்து போனதாம். திறந்து பார்த்தால் உள்ளே எல்லாம் வெள்ளையாக உறைந்த தேங்காய் எண்ணெய், மாவிளக்கு மாதிரி. மன்னார் வெய்யிலில் எந்த எண்ணெய் உறைந்தது? உங்கள் பெரியப்பாவின் துவக்கில் தானாக ஓட என்ன இருந்தது? இங்கே ஒவ்வொரு குளிருக்கும் நான் போத்தலை அடுப்படியில் வைத்து உருக்கித் தலைக்கு வைப்பதை நீங்கள் பார்த்ததே இல்லையா?

அவொக்காத்தோ ஈரத் தரையில் இருந்து சிரித்தாராம். "உன் றொசாலியா அம்மா பன்றியின் பக்கம்" என்றாராம். அதோடு துவக்கைக் கழுவிச் சுத்தமாக்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார். பிறகு அவர் எடுக்கவே இல்லை. சிஞ்ஞோரா என்னை அடுக்களைக்குள் கூப்பிட்டு, "அந்த எண்ணெய் எங்கே வாங்கலாம்?" என்று கேட்டா.

ஜெசிந்தாவின் கடதாசி, பதினெட்டுக்குக் கொஞ்ச நாள் இருக்க வெளியே வந்தது. விமான நிலையத்தில் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் அழ, நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மந்திரிச்சது வீண் போகேல்லை, பாத்தீரோ?" என் வீங்கிய முழங்கால் கணக்கில் இல்லை. நேர்த்தி கணக்கில் இல்லை. உங்கள் துவக்கு கூப்பிட்டுத்தான் பிள்ளை வந்தாள்! நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவொக்காத்தோ வீட்டு அடுக்களையில் நீங்கள் விழுந்த அன்றைக்கு முதல் நாளும் இதே கதையை ரொஷானுக்குச் சொல்லிக்கொண்டு இருந்தீர்கள். அதில் நான் கத்துகிற இடம் மட்டும் வரவரக் கூடிக்கொண்டு போனது.

இப்போது ஜெசிந்தாவின் புதினம். தாதிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. இங்கேயே, பலெர்மோவில். பரீட்சை எழுதிய இத்தாலியப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக் காட்டினாள். நீங்கள் பார்க்கவில்லை. அதற்கும் எனக்கு உங்களில் கோபம்.

படத்தை என்ன செய்வதென்று நேற்று வீட்டில் பெரிய சண்டை. துவக்கோடு பீடத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சுவாமியார் சம்மதிக்கவில்லை. வெட்டச் சொல்லி றீற்றா. கன்னமில்லாத மனிதனை எப்படி வைப்பது என்று நான். ஞாயிறு பூசைக்கு அவொக்காத்தோவும் தடியை ஊன்றிக்கொண்டு வருகிறார். வெட்டினால் அவர் கவலைப்படுவார். கடைசியில் நான் கூறைச் சேலையை எடுத்தேன். கறை பட்ட முந்தானையைச் சட்டத்தின் குறுக்கே கொசுவி, துவக்கு மறையும்படி போட்டு, பின்னால் ஊசி குத்தினேன். அதே சேலை, திரும்பவும் அதே துவக்கைச் சுற்றிக்கொண்டது. உங்கள் முகம் முழுதாக இருக்கிறது.

ஜெசிந்தா தூர நின்று பார்த்தாள். "அம்மா, அப்பா உங்கட கூறையில கன்னத்தை வைச்சுக்கொண்டு சிரிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள்.

நான் அடுக்களைக்குள் போய்விட்டேன். எண்ணெய்ப் போத்தல் அடுப்படியில் உறைந்து கிடந்தது. குளிர் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு காலையும் அதை உருக்கும்போது உங்களை ஏசுவேன். இன்றைக்கும் ஏசினேன். நாளைக்கும் ஏசுவேன், அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இது போதும். ஆனால் எப்போதும் சேலையால் மூடிக்கொண்டிருக்க ஏலாது. நீங்கள் இருக்கிற இடத்தில் படம் எடுக்கிறவர் யாராவது இருந்தால், கையில் ஒன்றும் இல்லாமல், கண்ணைத் திறந்துகொண்டு, ஒருவருக்கும் பின்னால் ஒளியாமல் முன்னுக்கு வந்து நின்று, புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போட்டு விடுங்கள்.